தாம்பரம் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு: குழாய் நீர் குறித்து ஒரு திறந்த மடல்



தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் 2021-ஆம் ஆண்டு நவம்பரில் ஒன்றாக இணைக்கப்பட்டு, 70 வார்டுகள் கொண்ட மாநகராட்சியாக உருப்பெற்ற இந்தப் பகுதியில், தண்ணீரைப் பற்றிய பேச்சு எழாத சங்கக் கூட்டம் அரிது. அந்தப் பேச்சில் பெரும்பகுதி தண்ணீர் உப்பாக இருக்கிறது, சோப்பு நுரைக்கவில்லை, கீசர் வீணாகிறது, டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள திடப்பொருளின் அளவு) ஆயிரத்தைத் தாண்டிவிட்டது என்ற முறையீடுகளாகவே அமைகிறது. இம்முறையீடுகள் பொய்யல்ல. ஆயினும் கண்ணுக்குத் தெரியும் உப்புப் படிவின் மீது செலுத்தப்படும் இந்தக் கவனத்தில் பாதியேனும், கண்ணுக்குத் தெரியாமல் உடலைக் கெடுக்கக்கூடிய கிருமிகளின் மீதும் நைட்ரேட்டின் மீதும் குழாய் முனையில் எஞ்ச வேண்டிய குளோரின் மீதும் செலுத்தப்படுவதில்லை என்பதையும், அதன் விளைவாகக் குடும்பங்களின் பணம் ஒரு திசையிலும் உண்மையான ஆபத்து வேறொரு திசையிலும் இருப்பதையும் சங்கங்களின் முன் வைப்பதே இம்மடலின் நோக்கம்.

இப்பகுதியின் வீடுகளுக்குத் தண்ணீர் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. பாலாற்றுப் படுகையின் மணலில் அமைக்கப்பட்ட கிணறுகளிலிருந்து நெடுந்தொலைவு குழாய் வழியாக வரும் நீர், சென்னைக் குடிநீர் வாரியத்திடமிருந்து பெறப்படும் நீர், மாடம்பாக்கம் ஏரி போன்ற உள்ளூர் நீர்நிலைகளில் தோண்டப்பட்ட கிணறுகளின் நீர், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சொந்த போர் (ஆழ்துளைக் கிணறு) நீர், பற்றாக்குறைக் காலத்து லாரி நீர், குடிப்பதற்கென்று விலைக்கு வாங்கும் 20 லிட்டர் கேன் நீர் என ஒரே வீட்டில் ஒரே வாரத்தில் நான்கைந்து வகை நீர் புழங்குவது இங்கே இயல்பாகிவிட்டது. இவற்றுள் ஒவ்வொன்றும் வேதியியல் முறையில் வேறுபட்டது. எனவே "தாம்பரம் தண்ணீர் எப்படிப்பட்டது?" என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது, எந்தத் தெருவில், எந்த மாதத்தில், எந்தக் குழாயில் என்று கேட்டால்தான் விடை சொல்ல முடியும்.

நிலத்தடி நீரின் கடினத்தன்மைக்கு முதற்காரணம் பாறை. புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் சார்னோக்கைட் என்று பெயரிட்டு உலகுக்கு அறிமுகம் செய்த பாறையின் மூல இடமாகக் கருதப்படுவது பரங்கிமலை, பல்லாவரம் குன்றுப் பகுதியே ஆகும். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், பைராக்சின் ஆகிய கனிமங்கள் சேர்ந்த இந்தப் பழம்பாறைக்குள் ஆற்றுமணலில் இருப்பதுபோல் நீர் பரவலாகத் தங்குவதில்லை. மேலே சிதைந்து மண்ணாகிக்கொண்டிருக்கும் அடுக்கிலும், கீழே பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகிறது. மழைநீர் மண்ணின் வழியாக இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வலுக்குறைந்த அமிலமாக மாறி, ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து கால்சியத்தையும் பைராக்சினிலிருந்து மக்னீசியத்தையும் மெல்லக் கரைத்தெடுக்கிறது. வெடிப்புகளில் நீர் எவ்வளவு நீண்ட காலம் தங்குகிறதோ அவ்வளவுக்கு அதில் கனிமம் ஏறுகிறது. கோடையில் மேலடுக்கு வற்றி, மோட்டார் ஆழத்திலிருந்து நீரை இழுக்கும்போது ஒரே போர் முன்பைவிடக் கடினமான நீரைத் தருவதற்கும், ஆழமாகத் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்ற நம்பிக்கை பலமுறை பொய்த்துப்போவதற்கும் இதுவே காரணம்.

பல்லாவரம், குரோம்பேட்டை வட்டாரத்தில் இயற்கையான இந்தக் கடினத்தன்மையோடு மனிதர் சேர்த்த உப்பும் கலந்திருக்கிறது. குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே அங்கே இயங்கிய குரோம் தோல் தொழிற்சாலையிலிருந்து வந்தது. தோல் பதனிடும் தொழிலில் பச்சைத் தோல் அழுகாமலிருக்கத் தடவப்படும் சாதாரண உப்பு, கழுவும் நீரோடு வெளியேறி நிலத்துக்குள் இறங்கினால் அதை எந்த மணலும் தடுத்து நிறுத்துவதில்லை. அதோடு, உப்புநீரில் உள்ள சோடியம் களிமண் துகள்களில் ஒட்டியிருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பெயர்த்து நீருக்குள் தள்ளிவிடுவதால், உப்பு கலந்த இடத்தில் கடினத்தன்மையும் கூடவே உயர்கிறது. உப்பு கரிப்பதும் கடினமாக இருப்பதும் இரு வேறு பண்புகள் என்றாலும் இவ்வட்டாரத்தில் அவை பெரும்பாலும் சேர்ந்தே காணப்படுவதற்கு இத்தகைய வேதிமாற்றம் ஒரு காரணம்.

கடினத்தன்மை என்பது நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் ஆகிய இரு உலோக அயனிகளின் கூட்டளவு. ஒப்பிடுவதற்கு வசதியாக அது கால்சியம் கார்பனேட்டின் அளவாக மாற்றி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று குறிக்கப்படுகிறது. சோதனை அறிக்கையில் கால்சியமும் மக்னீசியமும் தனித்தனியாகத் தரப்பட்டிருந்தால், கால்சியத்தின் அளவை 2.5-ஆலும் மக்னீசியத்தின் அளவை 4.1-ஆலும் பெருக்கிக் கூட்டினால் கடினத்தன்மை கிடைத்துவிடும். எடுத்துக்காட்டாக, லிட்டருக்கு 80 மில்லிகிராம் கால்சியமும் 40 மில்லிகிராம் மக்னீசியமும் உள்ள நீரின் கடினத்தன்மை ஏறத்தாழ 364 ஆகும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரவரையறையான ஐ.எஸ். 10500 (2012), கடினத்தன்மைக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 600 மில்லிகிராமை அனுமதிக்கத்தக்க உச்ச அளவாகவும் வகுக்கிறது. கரைந்துள்ள மொத்தத் திடப்பொருளான டி.டி.எஸ்.-க்கு இவ்விரு அளவுகள் 500, 2,000 ஆகும். இரட்டை அளவுகள் ஏன் என்பதைப் பலரும் எண்ணிப்பார்ப்பதில்லை. நஞ்சாக இருக்கும் பொருள்கள் பலவற்றுக்குத் தரவரையறை இத்தகைய தளர்வைத் தருவதில்லை; நைட்ரேட்டுக்கு 45 மில்லிகிராம் என்ற ஒரே அளவுதான், அதற்கு மேல் விட்டுக்கொடுப்பு கிடையாது. கடினத்தன்மைக்கு மும்மடங்கு வரை தளர்வு தரப்பட்டிருப்பதே அது பெரும்பாலும் சுவையையும் வசதியையும் சார்ந்த குறை என்று அறிவியல் கருதுவதைக் காட்டுகிறது. உலகச் சுகாதார நிறுவனமும் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் விதிக்கவில்லை.

கடினத்தன்மை இரு வகைப்படும். பைகார்பனேட்டோடு சேர்ந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தால் உண்டாவது தற்காலிகக் கடினத்தன்மை. நீரைக் கொதிக்கவைத்தால் பைகார்பனேட் சிதைந்து, கால்சியம் கார்பனேட் வெண்பொடியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். குளோரைடு, சல்பேட் ஆகியவற்றோடு சேர்ந்திருப்பதால் உண்டாவது நிரந்தரக் கடினத்தன்மை. கொதிக்கவைத்தாலும் அது நீங்காது. தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்த பின் பாத்திரத்தின் அடியில் காணும் வெண்படிவத்தைப் பார்த்து, இவ்வளவு நாளும் இந்த விஷத்தைத்தான் குடித்தோமா என்று பல வீடுகளில் அஞ்சுகிறார்கள். அது சுண்ணாம்பு; நீரின் கடினத்தன்மையில் ஒரு பகுதி வெளியேறிவிட்டதற்கான அடையாளம்; மேல்நீரைத் துணியில் வடிகட்டிக்கொண்டால் போதுமானது. கீசரின் சூடேற்றும் கம்பியில் ஏறும் ஓடும், ஷவர் துளைகளை அடைக்கும் வெண்மையும் அதே பொருளே. நீரின் சூடு ஏற ஏறக் கால்சியம் கார்பனேட்டின் கரைதிறன் குறைவதால் அது சூடான பரப்பைத் தேடிப் படிகிறது, படிந்த ஓடு வெப்பம் நீருக்குச் செல்வதைத் தடுப்பதால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகிறது. கீசரின் வெப்பநிலையைச் சற்றுக் குறைத்து வைப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை சுண்ணாம்புப் படிவை நீக்குவதும் இதற்குச் செலவு குறைந்த தீர்வு.

பருப்பு வேகாததற்கும் கடினத்தன்மையே காரணம்: பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளோடு கால்சியம் பிணைந்து அதை இறுக்கிவிடுகிறது. சோப்பின் கொழுப்பு அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறுவதால் நுரை எழுவதில்லை, துணியின் வெண்மை மங்குகிறது, தலைமுடி சொரசொரப்பாகிறது. இவையெல்லாம் அன்றாடத் தொல்லைகள் என்பதிலும், வீட்டு வேலையின் சுமையைப் பெரும்பாலும் சுமக்கும் பெண்களே இத்தொல்லைகளையும் சுமக்கிறார்கள் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் தொல்லை வேறு, நோய் வேறு.

கடின நீர் சிறுநீரகக் கல்லை உண்டாக்குகிறது என்ற பரவலான நம்பிக்கைக்கு உறுதியான சான்று கிடைத்ததில்லை. உணவிலும் நீரிலும் வரும் கால்சியம், கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுகிறது; வெப்பம் மிகுந்த இவ்வூரில் கல் உருவாவதற்குப் போதிய அளவு தண்ணீர் குடிக்காமையே கவனிக்க வேண்டிய முதற்காரணம் ஆகிறது. தோல் அரிப்பைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் எக்ஸிமா என்னும் தோலழற்சி உள்ள 336 குழந்தைகளை வைத்து நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், வீட்டில் மென்னீராக்கி (நீரின் கடினத்தன்மையை நீக்கும் கருவி) பொருத்தியதால் கூடுதல் நன்மை எதுவும் காணப்படவில்லை. மாறாக, கனிமம் அறவே இல்லாத நீருக்கும் தன் குறை உண்டு: கடலிலிருந்து எடுத்து உப்பு நீக்கிய நீர் ஏறத்தாழக் கனிமமற்றதாக இருப்பதால், அது குழாயின் உலோகத்தையும் சிமெண்ட் பூச்சையும் அரித்துவிடாமலிருக்க, வினியோகத்துக்கு முன் அதனோடு சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்றே சேர்க்கப்படுகிறது. நெம்மேலியில் 2013-இலும் 2024-இலும் திறக்கப்பட்ட கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் காலத்தில் வாழும் தென்சென்னைப் புறநகர் மக்கள், கடினத்தன்மை முழுதும் இல்லாத நீரே தூய நீர் என்ற எண்ணத்தைக் கைவிட இந்த ஓர் உண்மையே போதும்.

இனி டி.டி.எஸ். அளவி. பேனா வடிவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இக்கருவி, நீரின் மின்கடத்தும் திறனை அளந்து, அதிலிருந்து கரைந்துள்ள உப்புகளின் அளவைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. அது அவ்வளவே அறியும். காலராக் கிருமி மின்சாரத்தைக் கடத்துவதில்லை; கழிவுநீர் சிறிதளவு கலந்த நீரும் 200 என்று காட்டலாம், மாசு எதுவுமற்ற ஆழ்கிணற்று நீரும் 900 என்று காட்டலாம். இந்த வேறுபாடு தெரியாத வீடுகளில், சில சுத்திகரிப்பான் விற்பனையாளர்கள் இரு கம்பிகள் கொண்ட ஒரு மின்கருவியைக் குழாய் நீரில் அமிழ்த்தி, நீர் நொடியில் பழுப்பேறிக் கசடாவதைக் காட்டி அச்சுறுத்துவது வழக்கமாகியிருக்கிறது. நடப்பது மின்பகுப்பு: நீரில் உப்பு இருப்பதால் மின்சாரம் பாய்ந்து, கருவியின் இரும்புக் கம்பியே கரைந்து துருவாகப் பிரிகிறது, கசடு கம்பியிலிருந்து வந்ததே தவிரத் தண்ணீரிலிருந்து வந்ததல்ல. உப்பு நீக்கப்பட்ட நீரில் மின்சாரம் பாயாததால் அங்கே நிறம் மாறுவதில்லை, பார்ப்பவர் அதைத் தூய்மை என்று நம்பிவிடுகிறார். சங்கங்கள் தங்கள் வளாகத்துக்குள் இத்தகைய செயல்விளக்கங்களை அனுமதிக்காமலிருப்பது, முதியோர் தனித்து வாழும் வீடுகளுக்குச் செய்யும் பெரிய உதவியாக அமையும்.

சுத்திகரிப்பான்களில் ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச்சவ்வூடு பரவல் முறை உயர்ந்த தொழில்நுட்பம் என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. 1950-களின் இறுதியில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப்பும் ஸ்ரீனிவாச சௌரிராஜனும் உருவாக்கிய செல்லுலோஸ் அசிடேட் சவ்விலிருந்துதான் இன்றைய கடல்நீர்ச் சுத்திகரிப்பு வளர்ந்தது. ஆனால் வீட்டுக் கருவி ஒரு லிட்டர் குடிநீருக்கு ஏறத்தாழ மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளுவது வழக்கம். ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 20 லிட்டர் எடுத்தால் கழிவு 60 லிட்டர். நூறு வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் அது 6,000 லிட்டர், அதாவது கோடையில் காசு கொடுத்து வரவழைக்கும் ஒரு தண்ணீர் லாரியின் கொள்ளளவு. டி.டி.எஸ். 500-க்குக் குறைவான நீர் வழங்கப்படும் இடங்களில் ஆர்.ஓ. கருவிக்குத் தடை விதிக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்தில் அரசுக்கு அறிவுறுத்தியதன் பின்னணி இதுதான். பாலாற்று நீரோ குடிநீர் வாரிய நீரோ மட்டும் வரும் குழாயில் டி.டி.எஸ். அந்த அளவுக்குள் இருந்தால், வடிகட்டியும் புற ஊதாக் கதிரும் உள்ள எளிய கருவியோ, நன்றாகக் கொதிக்கவைப்பதோ போதும். டி.டி.எஸ். ஆயிரத்தைத் தாண்டிய போர் நீரையே குடிக்கும் நிலையிலுள்ள வீட்டுக்கு ஆர்.ஓ. தேவைதான், அதை ஆடம்பரம் என்று கூறுவது நியாயமாகாது.

மென்னீராக்கி வேறு வகை. பிசின் மணிகளில் உள்ள சோடியத்தைக் கொடுத்துக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் வாங்கிக்கொள்ளும் இக்கருவியால் குளிக்கவும் துவைக்கவும் நல்ல நீர் கிடைக்கும், டி.டி.எஸ். குறைவதில்லை. கடினத்தன்மை 400 உள்ள நீரை முழுதும் மென்மையாக்கினால் லிட்டருக்கு ஏறத்தாழ 184 மில்லிகிராம் சோடியம் புதிதாகச் சேர்கிறது. ஆகவே இரத்த அழுத்தம் உள்ளவர்கள் குடிக்கும் குழாயை இதிலிருந்து பிரித்து வைப்பது நல்லது. மணிகளைப் புதுப்பிக்க மூட்டை மூட்டையாக இடப்படும் உப்பின் கழிவு எங்கே போகிறது என்ற கேள்வியும் உண்டு. பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் அது உறிஞ்சு குழி வழியாக அதே நிலத்தடி நீருக்குத் திரும்புகிறது. ஓர் அடுக்ககம் தன் குளியலறைக்கு வாங்கும் மென்மையின் விலையைப் பக்கத்துத் தெருவின் கிணறு கட்டுகிறது.

இம்மடல் அதிகம் வற்புறுத்த விரும்புவது குளோரினை. நாள் முழுதும் அழுத்தம் உள்ள குழாயில் ஓட்டை இருந்தால் நீர் வெளியே கசியும். இரண்டு நாளுக்கொருமுறை சில மணி நேரம் மட்டும் நீர் விடப்படும் குழாயில், வினியோகம் நின்று அழுத்தம் குறையும்போது அதே ஓட்டை வழியாக வெளியிலுள்ள கழிவுநீர் உள்ளே இழுக்கப்படும். மோட்டாரை நேரடியாகக் குழாயில் இணைத்து உறிஞ்சும் வீடு, தன் தெரு முழுவதற்கும் இந்த இழுப்பைக் கூட்டிவிடுகிறது. இத்தகைய கசிவை எதிர்த்து நிற்கக் கூடியது நீரில் எஞ்சியிருக்கும் குளோரின் மட்டுமே, ஐ.எஸ். 10500 அதைக் குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் என்று வகுத்திருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பல்லாவரம் பகுதியில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டு உயிரிழப்புகளும் நேர்ந்தபோது, குழாய் நீரே காரணம் என்று மக்களும், அவ்வாறு கூற இயலாது என்று அரசுத் தரப்பும் வாதிட்டதை எவரும் மறந்திருக்க முடியாது. அந்தத் தெருக்களின் குழாய் முனைகளில் நாள்தோறும் குளோரின் அளக்கப்பட்டு, பதிவு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தால், அந்த வாதத்துக்கு அன்றே தெளிவு கிடைத்திருக்கும். எந்த டி.டி.எஸ். அளவியாலும் அந்தத் தெளிவைத் தந்திருக்க முடியாது.

நைட்ரேட் மற்றொரு மௌனமான ஆபத்து. பாதாளச் சாக்கடை எட்டாத நகர்களில் செப்டிக் டேங்கும் போரும் ஒரே மனைக்குள் சில அடி இடைவெளியில் அமைகின்றன. மலக்கழிவின் நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறித் தடையின்றி நிலத்தடி நீரை அடைகிறது. நிறமோ மணமோ சுவையோ அதற்கு இல்லை. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைக்கக் கூடும் என்பதாலேயே 45 மில்லிகிராம் என்ற கண்டிப்பான வரம்பு உள்ளது. நீரைக் கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். ஆகையால் கைக்குழந்தை உள்ள வீட்டில் போர் நீரைக் காய்ச்சிப் பால்மாவு கலக்கும் வழக்கத்தை, அந்நீரின் நைட்ரேட் அளவு தெரியும் வரை நிறுத்திவைக்கும்படி சங்கங்கள் அறிவுறுத்த வேண்டும்.

இவையனைத்தும் சந்திக்கும் இடம் அடுக்ககத்தின் நிலத்தடித் தொட்டியான சம்ப். பாலாற்று நீர், குடிநீர் வாரிய நீர், போர் நீர், லாரி நீர் ஆகிய எல்லாம் பெரும்பாலான குடியிருப்புகளில் ஒரே சம்பில் கொட்டப்படுகின்றன. டி.டி.எஸ். 300 உள்ள நல்ல நீர் 1,000 லிட்டரோடு, 1,800 உள்ள போர் நீர் 3,000 லிட்டர் கலந்தால் விளைவு 1,425. நல்ல நீர் இருந்த சுவடே தெரியாது. அதைவிடப் பெரிய இழப்பு, நல்ல நீர் தன்னோடு சுமந்துவந்த குளோரினை, சோதிக்கப்படாத போர் நீரின் இரும்பும் கரிமப் பொருள்களும் சில நிமிடங்களில் தின்றுவிடுவது. அரசு பெருஞ்செலவில் சுத்திகரித்து அனுப்பிய நீரைச் சொந்தத் தொட்டியில் கெடுத்துவிட்டு, அதை மறுபடி ஆர்.ஓ. கருவியில் செலுத்தி முக்கால் பங்கைச் சாக்கடைக்கு அனுப்பும் இந்த ஏற்பாட்டைப் போல் அறிவுக்கு ஒவ்வாதது வேறில்லை. குடிநீருக்குத் தனிச் சம்ப், தனி மேல்நிலைத் தொட்டி, சமையலறைக்குத் தனிக் குழாய் என்று பிரிப்பதற்கு ஒருமுறை ஆகும் செலவை, நூறு வீடுகள் ஆண்டுதோறும் சவ்வு மாற்றவும் கேன் வாங்கவும் செய்யும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொதுக்குழுக் கூட்டம் போதும். பழைய கட்டடங்களில் இடமில்லை என்றால், தரைத்தளத்தில் பொதுக் குடிநீர்க் குழாய் ஒன்றையேனும் கலப்பின்றி அமைக்கலாம். போர் நீர்த் தொட்டியைப் பொறுத்தவரை, தரமான பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் என்ற அளவில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து எஞ்சிய குளோரினை அளந்துபார்ப்பது பொதுச் சுகாதாரத்தில் நீண்டகாலமாக வழங்கும் முறை. கண்ணளவில் அள்ளிப் போடுவது முறையல்ல.

கடினத்தன்மைக்கு இயற்கை தரும் மாற்று, கூரையில் விழும் மழை. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. இருபதாண்டுகள் கடந்த பின் பல கட்டடங்களில் அந்தக் குழாய் முனைகள் மண் மூடிக் கிடக்கின்றன. ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்குக் குறையாத மழையைச் சராசரியாகப் பெறும் இப்பகுதியில், 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் விழுவது 1,20,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 96,000 லிட்டர் எஞ்சும். அந்நீரில் கடினத்தன்மை ஏறத்தாழ இல்லை. முதல் மழையைக் கழித்துவிட்டு, மணல் வடிகட்டி வழியாகத் திறந்த கிணற்றிலோ தொட்டியிலோ சேர்க்கப்படும் கூரை நீர், நிலத்தடி நீரின் உப்பை நீர்த்துப்போகச் செய்கிறது. தெருவில் ஓடும் வெள்ளத்தை நேரடியாகப் போருக்குள் இறக்குவது மட்டும் கூடாது. சாக்கடையையும் எண்ணெயையும் பாறை வெடிப்புக்குள் செலுத்திவிட்டால் அதை வெளியே எடுக்க வழியே இல்லை. சிட்லப்பாக்கத்திலும் செம்பாக்கத்திலும் ஏரிகளைக் காக்க மக்கள் காட்டிய ஊக்கம், ஏரியைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீரைக் காக்கும் ஊக்கமுமாகும்.

சோதனைக்கு வழி இல்லாமலில்லை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தி எவரும் நீரைச் சோதிக்கலாம். கிண்டி கிங் நிறுவனம் குடிநீரின் நுண்ணுயிர்ச் சோதனைக்குப் பெயர் பெற்றது. குவாலியரில் இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவன அறிவியலாளர்கள் 1982-இல் வெளியிட்ட ஹைட்ரஜன் சல்பைடு குப்பிச் சோதனையில், நீரைக் குப்பியில் ஊற்றி ஓரிரு நாள் வைத்தால் மலக்கலப்பு உள்ள நீர் கருமையாகிவிடும். பள்ளி மாணவரும் செய்யக்கூடிய இச்சோதனையைச் சங்கங்களே நடத்தலாம். குளோரினை அளக்கும் எளிய கருவியின் விலை, ஒரு வீட்டின் ஆர்.ஓ. சவ்வை ஒருமுறை மாற்றும் செலவைவிட மிகுதியல்ல.

ஒடிசாவின் புரி நகரம் 2021-இல் நகர் முழுதும் குழாயிலிருந்து நேரடியாகக் குடிக்கத்தக்க நீரை நாள் முழுதும் வழங்கத் தொடங்கியது. யாத்திரிகர்கள் இலட்சக்கணக்கில் கூடும், கடலோர உப்பு அருகிலுள்ள ஓர் ஊரால் அது முடிந்திருக்கிறது. தாம்பரத்தால் முடியாது என்று கருதக் காரணம் இல்லை. ஆனால் சங்கங்கள் "தண்ணீர் உப்பாக இருக்கிறது" என்று மட்டும் முறையிடும் வரை, மாநகராட்சி "லாரி அனுப்புகிறோம்" என்று மட்டுமே விடையளிக்கும். கேட்க வேண்டியவை வேறு: வார்டு வாரியாகக் குழாய் முனையில் எஞ்சிய குளோரின் எவ்வளவு, எந்த நாளில் எந்தத் தெருவில் மாதிரி எடுக்கப்பட்டது, அதில் மலக்கலப்பைக் காட்டும் ஈ. கோலை நுண்ணுயிர் இருந்ததா, உள்ளூர்க் கிணறுகளின் நைட்ரேட் எவ்வளவு, சாக்கடைக் குழாயும் குடிநீர்க் குழாயும் குறுக்கிடும் இடங்கள் எவை, அவற்றில் எத்தனை சரிசெய்யப்பட்டன என்பவை. 2022 நவம்பர் 1 அன்று மாநிலம் முழுதும், வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் முதன்முறையாகக் கூட்டப்பட்டபோது அன்றைய முதலமைச்சர் கலந்துகொண்டது இந்த மாநகராட்சிக்குட்பட்ட பம்மலில்தான். அந்தச் சபைகள் இக்கேள்விகளை எழுப்பி, விடைகளைத் தீர்மானமாகப் பதிவு செய்ய வைக்கச் சட்டம் அமைத்துக் கொடுத்த இடம். அங்கு விடை கிடைக்காதபோது 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

ஆகவே, வரும் கோடையில் நீர்மட்டம் இறங்கும் முன்பாக, ஒவ்வொரு சங்கமும் தன் பகுதியில் குழாய் முடியும் கடைசி வீட்டிலிருந்து ஒரு மாதிரியும், தன் சம்பிலிருந்து ஒரு மாதிரியும் எடுத்து, கடினத்தன்மையோடு நைட்ரேட், எஞ்சிய குளோரின், ஈ. கோலை ஆகியவற்றையும் சேர்த்துச் சோதித்து, அறிக்கையை வளாகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, அதன் படியை வார்டு உறுப்பினரிடமும் மாநகராட்சி ஆணையரிடமும் அளித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கும்படி இம்மடல் கேட்டுக்கொள்கிறது.